எத்தனை மரம் வெட்டலாம்? காட்டுக் கணக்கு பிறந்த கதை

யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றின் விறாந்தையில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் தெரிவது பனை. கருவரி ஓடிய வளைகளும் சிலாகைகளும் தலைமுறை தலைமுறையாக ஓட்டைத் தாங்கி நிற்கின்றன. அந்த மரத்தை அரிந்து கூரை ஏற்றியவர் அதை நட்டவர் அல்லர். ‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்று ஊரில் சொல்வார்கள். அதில் வைரம் ஏறியதைப் பார்க்க நட்டவருக்கு ஓர் ஆயுள் போதாது. கோடரியோடு பனங்கூடலுக்குள் இறங்குகிற எவரும் பாட்டனார் விட்டுப்போன முதலில்தான் கைவைக்கிறார். பேரனுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதும் அந்தக் கோடரி வீச்சிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

இந்த ஆண்டு எத்தனை மரம் வெட்டலாம்? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. இதற்குப் பதில் தேடி மனிதர் முந்நூறு ஆண்டுகளாகக் காடுகளை அளந்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலில் பிறந்த கருவிதான் காட்டு மாதிரியுரு. ஒரு காட்டின் பிறப்பையும் வளர்ச்சியையும் சாவையும் எண்களாக்கி, நாளை அது எப்படி நிற்கும் என்று இன்றே கேட்டுப் பார்க்கும் கணக்கு அது. குளிர்நாட்டில் பிறந்த அந்தக் கணக்கு பர்மாத் தேக்கங்காட்டில் வளர்ந்து, ஸ்கொட்லாந்திலும் அமெரிக்காவிலும் படித்து ஆளானது. அதை நம்முடைய பனையடிக்கு அழைத்துவர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

சுரங்கத்தின் வாயிலில்

கதை காட்டில் தொடங்கவில்லை, வெள்ளிச் சுரங்கத்தில் தொடங்குகிறது. இன்றைய ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தில் பிரைபெர்க் என்றொரு நகரம். அதன் அடியில் வெள்ளி இருந்தது. வெள்ளியை எடுக்க மண்ணைத் தோண்டினால் மட்டும் போதாது. தோண்டிய குகை இடியாமல் முட்டுக்கொடுக்க மரம் வேண்டும். தாதுவை உருக்கக் கரி வேண்டும். கரிக்கும் மரமே வேண்டும். தலைமுறைகளாக வெட்டியதில் சுற்றுவட்டக் காடுகள் மொட்டையாகின. நிலத்துக்குக் கீழே வெள்ளி கிடக்கிறது, அதை வெளியே கொண்டுவர நிலத்துக்கு மேலே மரம் இல்லை என்ற நிலை வந்தது.

அங்கே சுரங்க நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஹான்ஸ் கார்ல் பொன் கார்லோவிட்ஸ். அவர் 1713இல் மரம் வளர்ப்பு பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே, வெட்டிய இடத்தில் மறுபடி விதை, பயன்பாடு தொடர்ந்து நீடிக்கும்படி பார்த்துக்கொள் என்பது அதன் சாரம். இன்று உலகமெங்கும் பேசப்படும் நீடித்த பயன்பாடு என்ற எண்ணத்துக்கு அச்சில் கிடைத்த முதல் வடிவங்களில் ஒன்று அது. காட்டைப் பற்றிய இந்த ஞானத்தைக் காட்டின் மீதான காதல் தரவில்லை. மரம் தீர்ந்துபோகும் என்ற பயமே தந்தது. பயத்தில் பிறந்த நல்ல அறிவுகளில் இதுவும் ஒன்று.

‘வளர்கிற அளவுக்கு மேல் வெட்டாதே’ என்று சொல்லியாயிற்று. வளர்கிற அளவு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அடுத்த நூற்றாண்டு முழுவதும் ஜேர்மன் காட்டதிகாரிகள் இந்தக் கேள்வியின் பின்னாலேயே நடந்தார்கள். முதலில் கிடைத்த விடை எளிமையானது. ஒரு மரம் முதிர நூறு ஆண்டு ஆகுமென்றால் காட்டை நூறு துண்டாகப் பிரி, ஆண்டுக்கு ஒரு துண்டை வெட்டி அதே இடத்தில் நடு. நூறாவது துண்டை வெட்டி முடிக்கும்போது முதல் துண்டு மறுபடி முதிர்ந்து நிற்கும். பிறகு விளைச்சல் அட்டவணைகள் வந்தன. இந்த வகை மண்ணில், இந்த வயதில், இந்த இன மரம் ஒரு பரப்பில் இவ்வளவு கனம் தரும் என்று நிரல்நிரலாக எழுதிய புத்தகங்கள் அவை. 1849இல் மார்ட்டின் பவுஸ்ட்மன் அதில் வட்டிக் கணக்கையும் சேர்த்து, எந்த வயதில் வெட்டினால் நிலத்துக்கு அதிக பெறுமதி என்று கணிக்கும் வழியைக் காட்டினார்.

அட்டவணைக்கு வசதியாக இருக்கவேண்டும் என்பதற்காகக் காட்டையே மாற்றினார்கள். பல இனங்களும் பல வயதுகளும் கலந்த காடுகள் போய், ஒரே வயது ஸ்புரூஸ் மரங்கள் வரிசையாக நின்றன. காட்டைக் கணக்குக்கு ஏற்றபடி வளைத்த அந்தத் தவறின் விலை பின்னாளில் தெரிந்தது. 2018இல் தொடங்கிய வறட்சி ஆண்டுகளில் மத்திய ஐரோப்பாவின் ஸ்புரூஸ் தோப்புகளுக்குள் பட்டை துளைக்கும் வண்டுகள் பெருகிப் பரந்த நிலங்களைச் சாம்பல்நிறக் குச்சிகளாக்கின.

யானைமேல் ஒரு கணக்கப்பிள்ளை

இனிக் கதை நம் பக்கம் வருகிறது. 1852இல் பிரித்தானியர் பர்மாவின் பெகு மாநிலத்தைக் கைப்பற்றினார்கள். அங்கே தேக்கு இருந்தது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் தேக்கு வேண்டும். கண்மண் தெரியாமல் வெட்டு நடந்தது. காட்டைக் காக்க ஆள் தேடியபோது, பொன் நகரில் பிறந்த ஜேர்மன் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ் கிடைத்தார். 1856இல் அவர் பெகுவில் இறங்கினார்.

ஜேர்மன் அட்டவணை அங்கே உதவாது. பர்மாத் தேக்கு வரிசையில் நிற்கவில்லை. நூறு வகை மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, கன்றும் கிழடுமாகக் கலந்து நின்றது. காட்டை நூறு துண்டாகப் பிரிக்கவும் முடியாது, மரங்களின் வயதும் தெரியாது. தாளில் எழுதலாமென்றால் அந்தக் காட்டு மழை தாளை ஊறவைத்துவிடும்.

பிராண்டிஸ் யானைமேல் ஏறினார். ஒரு கையில் நாலு மூங்கில் துண்டு, மறுகையில் பேனாக்கத்தி. தேக்கு மரங்களை அடிமரத்தின் சுற்றளவைக்கொண்டு நாலு வகுப்பாகப் பிரித்துக்கொண்டார். ஆறு அடிக்கு மேற்பட்டது முதலாம் வகுப்பு, வெட்டுக்குரியது. அதற்குக் கீழே இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்புகள். யானை ஒரு நேர்பாதையில் நடக்க, இருபுறமும் குறித்த தூரத்துக்குள் தெரிகிற ஒவ்வொரு தேக்குக்கும் அதற்குரிய மூங்கிலில் ஒரு வெட்டு. மாலையில் கூடாரத்துக்குத் திரும்பி வெட்டுகளை எண்ணினால் காட்டின் குடிசனக் கணக்கு கையில்.

அவருடைய மேதைமை எண்ணியதோடு முடியவில்லை. இரண்டாம் வகுப்பு மரம் ஒன்று முதலாம் வகுப்புக்கு ஏற எத்தனை ஆண்டு எடுக்கும் என்று அவர் கேட்டார். உதாரணமாக இருபது ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்று நிற்கும் முதலாம் வகுப்பு மரங்களை இருபது ஆண்டுக்குப் பகிர்ந்து வெட்டினால், கடைசி மரம் விழும்போது பின்னால் நின்றவை அந்த இடத்தை நிரப்பியிருக்கும். பின்வரிசையில் போதிய மரம் இல்லையென்றால் வெட்டைக் குறைக்கவேண்டும். காட்டை ஒரு பள்ளிக்கூடமாகப் பார்த்த கணக்கு இது. மேல்வகுப்பிலிருந்து எத்தனை பேர் வெளியேறலாம் என்பதைக் கீழ்வகுப்பிலிருந்து எத்தனை பேர் ஏறி வருகிறார்கள் என்பது தீர்மானிக்கிறது.

1864இல் பிராண்டிஸ் இந்தியா முழுவதற்குமான முதலாவது தலைமைக் காட்டதிகாரியானார். அவர் கட்டிய துறையின் காற்று இலங்கைக்கும் வீசியது. இந்தியக் காட்டுத் துறையிலிருந்து வந்த வின்சென்ற், இலங்கை முடிக்குரிய காடுகளின் நிலைபற்றி 1882இல் அறிக்கை எழுதினார். 1885இல் காட்டுக் கட்டளைச் சட்டமும், 1887இல் வனத் திணைக்களமும் வந்தன. ஆனால் அந்தக் கணக்கேட்டுக்குள் யாழ்ப்பாணத்தின் பெரிய காடு வரவில்லை. ஏனென்றால் எங்கள் காடு வேலிக்குள்ளே, தனித்தனிக் காணிகளில், பனையாக நின்றது.

வகுப்பேற்றம் தாயமானது

பிராண்டிஸின் வகுப்பேற்றக் கணக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்துக் கணித உடை உடுத்தியது. 1945இல் ஒக்ஸ்போர்டில் பற்றிக் லெஸ்லி, உயிரினக் கூட்டமொன்றை வயது வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதினரும் எத்தனை பிள்ளை பெறுவர், எத்தனை பேர் அடுத்த வயதுக்குப் பிழைத்துப் போவர் என்பதை நிரைகளும் நிரல்களுமாக எண்களை வைக்கும் தாயம் ஒன்றில் அடுக்கிக் காட்டினார். உயர்தரக் கணித வகுப்பில் நம் பிள்ளைகள் பெருக்கிப் பழகும் அதே தாயம்தான். இன்றைய எண்ணிக்கையை அதனால் ஒருமுறை பெருக்கினால் அடுத்த காலத்தின் எண்ணிக்கை. மறுபடி மறுபடி பெருக்கினால் எதிர்காலம் படிப்படியாக விரிகிறது.

மரத்துக்கு வயது தெரியாதே? 1966இல் மைக்கல் அஷர் வயதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருமனை வைத்தார். ஸ்கொட்லாந்தின் பைன் மரக்காட்டை எடுத்து, ஒரு பருமன் வகுப்பில் நிற்கும் மரம் அங்கேயே தங்குமா, அடுத்ததற்கு ஏறுமா, சாகுமா என்ற விகிதங்களைத் தாயத்தில் நிரப்பினார். ஒவ்வொரு வகுப்பிலும் எவ்வளவு எடுத்தால் காட்டின் வடிவம் மாறாமல் நிற்கும் என்ற விடை அதிலிருந்து வந்தது. யானைமேல் மூங்கிலில் விழுந்த வெட்டுகள் தாயத்தின் எண்களாகிவிட்டன.

கணினி வந்ததும் கணக்கு ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே பார்க்கத் தொடங்கியது. 1972இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மலைக்காட்டை வைத்து ஜனக், பொட்கின், வாலிஸ் என்ற மூவர் ஒரு மாதிரியுருவை வெளியிட்டார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அதற்கு ‘ஜபோவா’ என்று பெயர். கணினிக்குள் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் நிலம். அதில் ஒவ்வொரு மரமும் தனக்கு மேலே எவ்வளவு இலை நிழல் விழுகிறது என்பதற்கேற்ப வளரும். சில தற்செயலாகச் சாகும். பெருமரம் ஒன்று சரிந்தால் வானம் திறக்கும், அந்த ஒளித்துளையில் இளங்கன்றுகள் முண்டியடித்து எழும். காட்டில் எது எதற்குப் பிறகு வரும் என்பதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒளிக்கான போட்டி போன்ற வளர்ச்சி விதிகளை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், காடு தானே உருவாகி வந்தது. அடுத்த ஆண்டே அல்பேர்ட் ஸ்ரேஜ் அமெரிக்கக் காட்டுச் சேவைக்காக ஆக்கிய மாதிரியுரு வெளிவந்தது. அதன் வழித்தோன்றலைக் காட்டதிகாரிகள் இன்றும் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள்.

கணக்கைக் காலநிலை உலுக்கியபோது

இதுவரை சொன்ன கணக்குகளுக்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: நேற்று மரம் வளர்ந்த மாதிரியே நாளையும் வளரும். அந்த நம்பிக்கை உடைந்தது. 1870களிலிருந்து மத்திய ஐரோப்பாவில் விடாமல் அளக்கப்பட்டுவரும் காட்டுத்துண்டுகள் உண்டு. தாத்தா அளந்த மரத்தைப் பேரன் அளக்கும் நிலங்கள். அவற்றின் பதிவுகளை ஹான்ஸ் பிரெட்ஷ் தலைமையிலான மியூனிக் ஆய்வாளர்கள் தொகுத்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்புரூஸும் பீச்சும் கொண்ட காடுகள் 1960ஐ விடப் பத்து முதல் முப்பது சதவீதம் வேகமாகக் கனம் சேர்க்கின்றன என்று தெரிந்தது. வெப்பம் கூடி, வளரும் பருவமும் நீண்டுவிட்டது. பழைய விளைச்சல் அட்டவணை இனிப் பழைய பஞ்சாங்கம்.

ஆகவே இன்றைய ஆய்வு மரத்தின் உள்ளே இறங்குகிறது. 1997இல் லாண்ட்ஸ்பேர்க்கும் வாரிங்கும் வெளியிட்ட மாதிரியுரு, இலையில் விழும் ஒளி, மண்ணில் உள்ள நீர், காற்றின் வெம்மை ஆகியவற்றிலிருந்து மரம் எவ்வளவு காபனைக் கட்டும் என்று கணிக்கிறது. காலநிலை மாறினால் விடையும் மாறும். இன்னொரு பக்கம் கணக்கு அகலமாகிறது. ஒரு தோப்பைவிட்டு முழு நிலப்பரப்பையும் எடுத்து, அங்கே தீயும் புயலும் வண்டும் எப்படிப் பரவும் என்று பார்க்கிறார்கள். வானூர்தியிலிருந்து வீசும் லேசர்க் கதிர்கள் காட்டின் முழு உயரத்தையும் படியெடுத்துத் தருகின்றன. பிராண்டிஸின் யானை செய்த வேலையை இன்று அவை செய்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் கேள்வியில் வந்திருக்கிறது. எவ்வளவு மரம் எடுக்கலாம் என்று மட்டும் கேட்ட கணக்கிடம், எவ்வளவு நீர் ஊறும், எவ்வளவு காபன் தங்கும், எந்தப் பறவை பிழைக்கும் என்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். ஒரே விடை தருவதையும் அது விட்டுவிட்டது. நூறு விதமான நாளைகளை ஓட்டிப் பார்த்து, பெரும்பாலானவற்றில் தாக்குப்பிடிக்கும் வழி எது என்று சொல்கிறது. காட்டோடு வாழ்கிறவர்களை உட்காரவைத்து அவர்கள் அறிவையும் வாங்கிக் கணக்கை எழுதவேண்டும் என்ற உணர்வும் வளர்ந்திருக்கிறது.

பனையடியில்

இந்தக் கருவியைப் பனையடியில் வைத்துப் பார்ப்போம். முதல் பார்வைக்குப் பனை எந்தக் கணக்குக்கும் அடங்காத மரம். பைன் மரத்தை அறுத்தால் ஆண்டு வளையம் தெரியும். பனையில் வளையம் இல்லை. தேக்கின் சுற்றளவு வயதோடு கூடும். பனை தன் அடிப்பருமனை நிலத்தோடு நிற்கும்போதே அமைத்துக்கொண்டு பிறகு மேல்நோக்கி மட்டும் போகிறது. ஆகவே அஷரின் பருமன் வகுப்பும் உதவாது. ஊரார் வைத்த பெயர்கள்தான் உதவும்: பனங்கொட்டை, முளை, வடலி, பனை. உயரமும் ஓலை விழுந்த வடுக்களும் மீதியைச் சொல்லும். மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ற்றில், லம்ரோ என்ற இடத்துப் புல்வெளியில் நம் பனையின் உடன்பிறப்பான ஆபிரிக்கப் பனை நிற்கிறது. செபஸ்தியன் பரோவும் துணைவர்களும் அதன் வாழ்வை இப்படிப் பருவம் பருவமாகப் பிரித்துத் தாயத்தில் அடுக்கி 2000இல் வெளியிட்டார்கள். உடன்பிறப்புக்கு முடிந்தது நமக்கும் முடியும்.

விரல்விட்டு எண்ணிப் பார்ப்போம். ஒரு கூடலில் நூறு முதிர்ந்த பனை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டதும் வெட்டியதுமாக ஆண்டுக்கு இரண்டு போகிறது. கூடல் குறையாமலிருக்க ஆண்டுக்கு இரண்டு வடலி பூக்கும் பருவத்துக்கு ஏறவேண்டும். பனை பூக்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு ஆகும். வடலிப் பருவம் பதினைந்து ஆண்டு என்றும், அந்த வழியில் ஆண்டுக்குப் பத்தில் ஒன்று தீயிலும் மாட்டு வாயிலும் காணி துப்புரவாக்கும் கத்தியிலும் போகும் என்றும் கொண்டால், நூறு வடலியில் இருபதுதான் கரை சேரும். ஆகவே இரண்டு பனைக்கு ஆண்டுதோறும் பத்துப் புது வடலி தேவை. அதிலும் ஒன்று ஆண், ஒன்று பெண் என்றுதான் எதிர்பார்க்கலாம். பாளை வரும்வரை எது என்ன என்று யாரும் சொல்லமுடியாது.

பத்து வடலிக்குக் கொட்டை போதுமா? தாராளமாகப் போதும். ஒரு பெண்பனையே ஆண்டுக்கு எத்தனையோ காய்களைத் தள்ளுகிறது. பழத்துக்கு மூன்று கொட்டை வரை உண்டு. நுங்கு குடித்தாலும், பனாட்டுப் போட்டாலும், பாத்தியில் கிழங்கு கிண்டி ஒடியலாக்கிக் கூழ் காய்ச்சினாலும் பனை குறைவதில்லை. விதையில் இயற்கை ஏராளமாக விட்டுவைத்திருக்கிறது. முதிர்ந்த மரத்தில் அப்படி எதையும் விட்டுவைக்கவில்லை. அதே கூடலில் ஆண்டுக்கு நாலு பனை விழுந்து இரண்டே ஏறி வந்தால், பத்து ஆண்டு கழித்தும் எண்பது நிற்கும். யார் கண்ணுக்கும் குறை தெரியாது. ஐம்பதாவது ஆண்டில் கூடல் இருக்காது. நெடுநாள் வாழும் மரங்களைத் தாயத்தில் வைத்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது: கூட்டத்தைத் தாங்குவது முதிர்ந்தவற்றின் உயிர், விதையின் எண்ணிக்கை அன்று.

நம் முன்னோர் இதைத் தாயம் இல்லாமலே உணர்ந்திருந்தார்கள். பழத்தையும் கிழங்கையும் நாரையும் ஓலையையும் கருப்பநீரையும் ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டார்கள். உயிரை எப்போதாவது ஒருமுறைதான் கேட்டார்கள். 1951இல் வந்த மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் பலாவோடு பெண்பனையையும் காவலில் வைத்தது. வைரம் மிகுந்தது என்று கோடரி தேடிப்போவது பெண்பனையைத்தான். காய்ப்பதும் அதுவே. பிறப்பும் இழப்பும் ஒரே மரத்தில் குவிகிற இடத்தைச் சட்டம் சரியாகத் தொட்டது.

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் சாய்க்கப்பட்டன. எறிகணை தலையைக் கொய்த பனைகள் முண்டமாக நின்றன. பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான். அது போனால் மரம் போயிற்று. தாயத்தின் எந்தக் கட்டத்தில் இழப்பு பொறுக்கமுடியாததோ, சரியாக அந்தக் கட்டத்தில் அடி விழுந்தது.

1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும் கைதடியின் பனை ஆராய்ச்சி நிறுவனமும் நமக்கு இருக்கின்றன. மாரி தொடங்கினால் பள்ளிப் பிள்ளைகளும் இளைஞர் கழகங்களும் பனம்விதை நடுகிறார்கள். அந்தக் கைகளை நான் வணங்குகிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. கணக்கு நமக்குக் காட்டுவது இது: விதை நமக்குக் குறைவில்லை, வடலி பிழைப்பதும் முதிர்ந்த பனை நிலைப்பதும்தான் குறை. நட்ட கொட்டையை எண்ணுவதோடு நில்லாமல், ஐந்தாம் ஆண்டில் நிற்கும் வடலியையும் எண்ணுங்கள். வேலியோரத்து வடலியைத் தீயிலிருந்தும் கத்தியிலிருந்தும் காத்த ஒருவர், நூறு விதை நட்டவருக்கு நிகரானவர்.

தொடங்குவதற்கு வானூர்தியும் லேசரும் வேண்டாம். ஊருக்கு ஒரு கூடலைத் தெரிந்தெடுப்போம். நாலு தடி போதும்: முளைக்கு ஒன்று, வடலிக்கு ஒன்று, ஆண்பனைக்கு ஒன்று, பெண்பனைக்கு ஒன்று. ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு மறுநாள் ஊர்ப்பிள்ளைகள் அதே கூடலுக்குள் நடந்து ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய தடியில் ஒரு வெட்டுப் போடட்டும். கள்ளுச் சீவுகிறவரும் ஓலை வெட்டுகிறவரும் கூட நடந்து, எது பட்டது, எது ஏன் காய்க்கவில்லை என்று சொல்லட்டும். பத்துப் பொங்கல் கழிந்தால் நம் பனைக்கென்று ஒரு தாயம் நம்மிடமே இருக்கும். அப்போது வீடு கட்டுகிற பேரன் கோடரியோடு வந்து ‘ஒன்று வெட்டட்டா?’ என்று கேட்டால், தடியைக் கையிலெடுத்து எண்ணிப் பார்த்து, ‘இந்த முறை ஒன்று வெட்டலாம், அந்தப் பெண்பனையை விட்டுவிடு’ என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கும்.